டொமைன் ரெஜிஸ்ட்ரிக்குள் டேட்டாபேஸ் என்ன வேலை செய்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டாட் காம், டாட் ஆர்க் மாதிரி ஒரு வகைக்குள் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் டொமைன் பெயர்கள் இருக்கின்றன. அந்த வகையை நடத்தும் அமைப்புதான் ரெஜிஸ்ட்ரி; அதனிடமிருந்து மக்களுக்குப் பெயர் வாங்கித் தரும் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார். உலகம் முழுக்க ஒவ்வொரு நொடியும் யாராவது அவற்றைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவையும் தாங்கும் டேட்டாபேஸ் எது, போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச மென்பொருள் அதற்குத் தாங்குமா என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அந்தத் தேடல்களுக்கு டேட்டாபேஸ் பதில் சொல்கிறதா என்பது ஒன்று. அதற்குப் பதில் ஒரே சொல்தான்: இல்லை. அப்படியானால் டேட்டாபேஸுக்கு அங்கே என்னதான் கஷ்டம் என்பது இன்னொன்று. உண்மையான விஷயம் அதில்தான் இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரிகளின் பின்னணி அமைப்புகளில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். தரநிலை ஆவணங்களிலும், இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தங்களிலும் உள்ளதை உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரியும் தன் உள்ளமைப்பை வெளியில் சொல்வதில்லை. அந்த மாதிரி இடங்களில் 'நான் பார்த்த வரை' என்று சேர்த்துச் சொல்கிறேன், அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெயரை நீங்கள் பிரவுசரில் தட்டினால், அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி, தேவைப்படும்போது, ரெஜிஸ்ட்ரியின் டிஎன்எஸ் சர்வருக்கு, அதாவது பெயருக்கு வழிகாட்டும் கணினிக்குப் போகிறது. அந்த சர்வரிடம் டேட்டாபேஸ் கிடையாது. அதனிடம் இருப்பது ஸோன் என்ற ஒரு பட்டியல்: இந்தப் பெயருக்கு இன்னின்ன நேம்சர்வர்கள், அதாவது அந்தப் பெயரின் முகவரியைச் சொல்லும் கணினிகள். அந்தப் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது. உரிமையாளர் யார், எப்போது காலாவதி, எந்த ரெஜிஸ்ட்ரார் மூலம் வாங்கினார் என்று எதுவும் அதற்குத் தெரியாது. பெயர்களையும் விவரங்களையும் வைத்திருக்கும் டேட்டாபேஸ் வேறொரு இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த ஒரு சாறுதான் ஸோன்.

இந்தப் பிரிவினையை ஐகான் ஒப்பந்தமே காட்டிக்கொடுக்கிறது. புதிய பொது வகைகளுக்கான ஒப்பந்தத்தில் டிஎன்எஸ் சேவை ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது, 100 சதவீதம். ஆனால் ரெஜிஸ்ட்ரார்கள் டேட்டாபேஸோடு பேசும் இபிபி சேவைக்கு மாதத்துக்கு 864 நிமிடங்கள் வரை, அதாவது 14 மணி நேரத்துக்கும் மேல், நிற்க அனுமதி உண்டு. டேட்டாபேஸ் ஒரு மதியம் முழுக்கப் படுத்தாலும் ஏற்கெனவே உள்ள பெயர்கள் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதிதாக வாங்க முடியாது, மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

அளவும் பெரிய பிரச்சினை இல்லை. உலகிலேயே பெரிய வகையான டாட் காமில் 15 கோடிக்கும் மேல் பெயர்கள் இருக்கின்றன. ஒரு பெயருக்கு, அதன் பழைய வரலாறு உட்பட, சில கிலோபைட் என்று போட்டுப் பாருங்கள். இன்றைய ஒரு நல்ல சர்வரில் அடங்கிவிடும். பெரும்பாலான ரெஜிஸ்ட்ரிகள் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நடுத்தர வங்கியின் டேட்டாபேஸ் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

சரி, அப்புறம் கஷ்டம் எங்கே? இந்த டேட்டாபேஸ் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஒரு பெயர் எடுக்கப்பட்டுவிட்டதா, எந்த ரெஜிஸ்ட்ரார் வழியாக என்பதற்கு உலகத்தில் வேறு ஆதாரம் இல்லை. ஒரே பெயரை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால், பிறகு மன்னிப்புக் கேட்டு ஒருவரிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கும். அதனால் 'முதலில் கேட்டது யார்' என்ற கேள்விக்கு ஒரே ஒரு முறை, தவறில்லாமல் பதில் சொல்வதுதான் இதன் முதல் வேலை.

அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ரெஜிஸ்ட்ரார்கள் ரெஜிஸ்ட்ரியோடு பேசும் மொழி இபிபி. 2004-இல் தரநிலையாகி, 2009-இல் திருத்தப்பட்டு, ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தரநிலை ஆவணங்களில் 5730 முதல் 5734 வரை உள்ளவற்றில் இருக்கிறது. எக்ஸ்எம்எல் வடிவில், 700-ஆம் போர்ட்டில், மறையாக்கம் செய்த இணைப்பில் போகும். பெயர் இருக்கிறதா என்று கேட்க ஒரு கட்டளை, பதிவுசெய்ய ஒன்று, புதுப்பிக்க ஒன்று, கைமாற்ற ஒன்று என்று சொற்பமான கட்டளைகள்தான். ஒரு நல்ல பெயர் காலாவதியாகி, ரெஜிஸ்ட்ரார் அதை நீக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள், அதன் பிறகு யாரும் தொட முடியாத 5 நாள், அப்புறம் அது விடுபடும். விடுபடும் அந்த நொடிக்காகவே தொழில்முறையாகக் காத்திருக்கும் ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு. அந்த ஒரு நொடிக்குள் ஒரே பெயருக்கு நூற்றுக்கணக்கான பதிவுக் கட்டளைகள் வந்து விழும். அவற்றில் ஒன்றுக்கு 1000 என்ற எண் போகும், வெற்றி. மற்ற அத்தனைக்கும் 2302, 'ஏற்கெனவே இருக்கிறது'.

இந்த முடிவை நிரலில் எழுதி எடுக்கக் கூடாது. முதலில் பெயர் காலியா என்று பார், காலியாக இருந்தால் சேர் என்று எழுதினால், பார்த்ததற்கும் சேர்த்ததற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுவார். ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் டேட்டாபேஸின் யூனிக் இண்டெக்ஸ்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்க்க முயலட்டும், ஒருவர் மட்டும் ஜெயிப்பார், மற்றவர்களுக்கு டேட்டாபேஸ் பிழை கொடுக்கும், அந்தப் பிழையை 2302 என்று மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும்.

ஆனால் அந்த இண்டெக்ஸை வைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே பெயர் காலப்போக்கில் பல முறை பிறந்து இறக்கும். இன்று ஒருவர் வைத்திருப்பார், மூன்று வருடம் கழித்து விட்டுவிடுவார், இன்னொருவர் எடுப்பார். இரண்டும் ஒரே எழுத்துகள், ஆனால் வெவ்வேறு பதிவுகள். அதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி அடையாள எண் தர வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. பழைய பதிவையும் அழிக்கக் கூடாது, பின்னால் வழக்கு வந்தால் தேவைப்படும். ஆக, அட்டவணையின் பெயர் நெடுவரிசை முழுவதற்கும் யூனிக் போட முடியாது. 'உயிரோடு இருக்கும் பதிவுகளுக்குள் மட்டும் ஒன்றுதான்' என்று நிபந்தனையோடு போட வேண்டும். போஸ்ட்கிரெஸில் இதை ஒரே வரியில் எழுதலாம். நான் அதை விரும்பியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாம் தமிழில் பேசுகிறோம் என்பதால். தமிழ் எழுத்தில் டொமைன் வகைகளே இருக்கின்றன: டாட் சிங்கப்பூர், டாட் இலங்கை, டாட் இந்தியா. ஆனால் ஸோனுக்குள் போவது தமிழ் எழுத்து இல்லை, அதை ஆங்கில எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றிய ஒரு குறியீட்டு வடிவம். டேட்டாபேஸில் இரண்டு வடிவமும் இருக்கும். ஒப்பிடுவது குறியீட்டு வடிவத்தைத்தான். இதில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள் சிக்கல் தரும். ஔ என்ற ஒரே எழுத்தையும், ஒ-வுக்குப் பிறகு ள தட்டியதையும் படிப்பவர் பிரித்தறிய முடியாது. யூனிக் இண்டெக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். எனவே கவனமான ரெஜிஸ்ட்ரி, குழப்பம் தரும் வடிவங்களை எல்லாம் ஒரே சாவியாகச் சுருக்கி, அந்தச் சாவிக்குத்தான் யூனிக் வைக்கும். இதை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். லட்சம் பெயர் விற்ற பிறகு செய்யப் போனால், ஏற்கெனவே மோதிக்கொண்டு நிற்கும் பெயர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது.

பெயர் விடுபடும் அந்த நொடியில் திணறும் இடம் பலர் நினைப்பது போலப் பெயர் அட்டவணை இல்லை. பணம்தான். ரெஜிஸ்ட்ரார்கள் பெரும்பாலும் முன்பணம் கட்டி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு பதிவுக்கும் அதில் கழியும். ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு 'மீதி இவ்வளவு' என்று அட்டவணையில் ஒரே ஒரு வரி வைத்தீர்களானால், அவர் ஒரே நேரத்தில் அனுப்பும் ஐம்பது கட்டளைகளும் அந்த ஒரு வரியின் லாக்குக்காக, அதாவது ஒருவர் மாற்றும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டுக்காக, வரிசையில் நிற்கும். வேறு வேறு பெயர்களுக்கான கட்டளைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனாலும் நிற்கும். நான் பார்த்த வரை இதற்கு நல்ல வழி, கணக்குப்பிள்ளைகள் காலம் காலமாகச் செய்துவந்ததுதான்: மீதியை அழித்து எழுதாமல், ஒவ்வொரு வரவையும் செலவையும் புதுப் பதிவாகக் கீழே கீழே எழுதிக்கொண்டே போவது, அவ்வப்போது கூட்டிக்கொள்வது. மீதி மிகக் குறைந்த ரெஜிஸ்ட்ராருக்கு மட்டும் கண்டிப்பான லாக் வைத்தால் போதும்.

நேம்சர்வர்கள் விஷயத்தில் டேட்டாபேஸின் ஒழுங்கே எதிர்பாராத ஆபத்தைக் கொண்டுவந்த கதை ஒன்று உண்டு. இபிபியில் நேம்சர்வரும் ஒரு தனிப் பொருள், டொமைன்கள் அதைச் சுட்டும். ஒரு டொமைனின் கீழ் உள்ள நேம்சர்வரை வேறு பத்து டொமைன்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்த நேம்சர்வரை அழிக்க முடியாது, அது இருக்கும்வரை தாய் டொமைனையும் அழிக்க முடியாது. சுட்டிகள் அந்தரத்தில் தொங்கக்கூடாது என்ற நல்ல விதிதான். ஆனால் காலாவதியான டொமைனை அழிக்க வேண்டிய ரெஜிஸ்ட்ரார்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள்: அழிக்க முடியாத நேம்சர்வருக்கு வேறொரு பெயர் சூட்டிவிடுவது. அந்தப் புதுப் பெயர் யாரும் பதிவுசெய்யாத ஒரு டொமைனின் கீழ் இருந்தால், யார் வேண்டுமானாலும் அந்த டொமைனைக் குறைந்த விலைக்கு வாங்கி, பத்து டொமைன்களின் போக்குவரத்தையும் தன் கைக்குள் கொண்டுவரலாம். அப்படிக் கைப்பற்றப்பட்டும் இருக்கின்றன. டேட்டாபேஸின் எந்த விதியும் மீறப்படவில்லை, ஆனாலும் பாதுகாப்பு போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள்.

இப்போது இரண்டாவது பெரிய வேலைக்கு வருகிறேன்: டேட்டாபேஸில் உள்ளதை ஸோனுக்குக் கொண்டுபோவது. என் அனுபவத்தில் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். முன்பெல்லாம் டாட் காம் ஸோன் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் தயாராகும். காலையில் வாங்கிய பெயர் சாயங்காலம் வேலை செய்யும். டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம் 2004 செப்டம்பரில் அதைத் தொடர் புதுப்பித்தலாக மாற்றியது, மாற்றங்கள் சராசரியாக ஐந்து நிமிடத்துக்குள் சர்வர்களில் தெரிய ஆரம்பித்தன. முழு ஸோனையும் திரும்ப எழுதுவதற்குப் பதில், மாறியதை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள். இன்று இதுதான் பரவலான வழக்கம்.

'மாறியதை மட்டும்' என்பது சொல்ல எளிது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து ஓர் அட்டவணையில் எழுதுவோம். ஸோன் தயாரிக்கும் நிரல், கடைசியாகப் படித்த எண்ணுக்கு மேல் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து புகார்: நேம்சர்வரை மாற்றினோம், உங்கள் டேட்டாபேஸில் மாறியிருக்கிறது, ஸோனில் பழையதே இருக்கிறது, இரண்டு நாளாகிவிட்டது. தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. (ஒன்றாகவே நடந்து முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பைத்தான் டிரான்ஸாக்‌ஷன் என்கிறோம்.) 41 என்ற எண்ணை எடுத்த டிரான்ஸாக்‌ஷன் கொஞ்சம் மெதுவாக முடிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வந்து 42-ஐ எடுத்தது முந்திக்கொண்டு முடிந்துவிட்டது. நிரல் வந்து பார்த்தபோது 42 மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு, 'இனி 43-இலிருந்து' என்று குறித்துக்கொண்டது. சில மில்லிநொடி கழித்து 41 முடிந்தது, ஆனால் அதைத் திரும்பிப் பார்க்க யாருமில்லை.

எண் கொடுக்கும் வரிசையும் முடியும் வரிசையும் ஒன்றல்ல என்பது போஸ்ட்கிரெஸிலும், கட்டண டேட்டாபேஸான ஆரக்கிளிலும் உண்மை. ஆவணங்களில் எழுதியே இருக்கிறது, ஆனாலும் இந்தத் தவறை நான் குறைந்தது மூன்று அமைப்புகளில் பார்த்திருக்கிறேன். இதற்குத் தீர்வு, இன்னும் முடியாமல் ஓடும் டிரான்ஸாக்‌ஷன்களில் மிகப் பழையது எதுவோ அதற்கு முந்தையவற்றை மட்டும் படிப்பது, அல்லது டேட்டாபேஸின் சொந்தப் பதிவேட்டிலிருந்து முடிந்த வரிசையிலேயே மாற்றங்களை எடுத்துக்கொள்வது. இதோடு இன்னொன்றையும் நான் விடாப்பிடியாகக் கேட்பேன்: தினமும் ஒரு முறையாவது முழு ஸோனையும் முழு டேட்டாபேஸையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வரவே வராது என்று நம்பிக்கை இருந்தாலும் ஒப்பிட வேண்டும்.

டேட்டாபேஸுக்கும் ஸோனுக்கும் நடுவில் உள்ள இந்தப் பாலத்தில் நடந்த விபத்துகள் வரலாற்றிலேயே இருக்கின்றன. 1997 ஜூலையில் டாட் காமையும் டாட் நெட்டையும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நடத்திக்கொண்டிருந்தது, டேட்டாபேஸ் இங்கிரெஸ். அந்த டேட்டாபேஸில் ஏற்பட்ட கோளாறால் ஸோன் தயாரிப்பு சரியாக நடக்கவில்லை. சோதனை அமைப்பு எச்சரிக்கை கொடுத்தது. ஆனாலும் அதிகாலை இரண்டரை மணி வாக்கில், சரிபார்க்காமலே அந்த ஸோன் வெளியே அனுப்பப்பட்டது. சில மணி நேரத்துக்கு ஏராளமான பெயர்கள் இல்லாமல் போயின. 2009 அக்டோபரில் ஸ்வீடனின் டாட் எஸ்இ ஸோன் ஒரு புள்ளி விடுபட்டதால் முழுவதுமாக உடைந்தது. 2010 மேயில் ஜெர்மனியின் டாட் டிஇ ஸோன் பாதியில் வெட்டுப்பட்ட நிலையில் பல சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, லட்சக்கணக்கான பெயர்களுக்கு 'அப்படி ஒன்றும் இல்லை' என்று பதில் வந்தது. இந்த மூன்றிலும் டேட்டாபேஸின் வேகமோ அளவோ காரணம் இல்லை. அதனால்தான் வெளியே அனுப்பும் முன் வரி எண்ணிக்கையை முந்தைய ஸோனோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்திருந்தால் தானாகவே நின்றுவிடும் சோதனை வேண்டும் என்கிறோம். அந்தத் தடையை ஒருவர் மட்டும் தனியாக நீக்க முடியாதபடியும் செய்ய வேண்டும்.

உரிமையாளர் விவரம் தேடும் சேவையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பழைய ஹூஇஸ், இப்போது ஆர்டாப். பொது வகைகளுக்கு 2025 ஜனவரி 28-க்குப் பிறகு ஹூஇஸ் கட்டாயமில்லை. இந்தத் தேடல்களில் பெரும்பகுதி தானியங்கி நிரல்களிடமிருந்து வருபவை, அவற்றை முதன்மை டேட்டாபேஸுக்கு அனுப்பக்கூடாது, நகல் ஒன்றிலிருந்து பதில் கொடுத்தால் போதும். நகல் சில நொடி பின்தங்கியிருந்தாலும் பரவாயில்லை. பெயர் காலியா என்ற கேள்விக்கும் நகலிலிருந்து பதில் சொல்லலாம், அந்தப் பதில் ஒரு தகவல்தானே தவிர வாக்குறுதி இல்லை.

இனி, எந்த மென்பொருள் என்ற கேள்வி. 2002-இல் டாட் ஆர்க்கை வெரிசைனிடமிருந்து வேறு அமைப்புக்கு மாற்ற ஐகான் விண்ணப்பம் கேட்டபோது இதே விவாதம் நடந்தது. இன்டர்நெட் சொசைட்டி உருவாக்கிய பப்ளிக் இன்டரெஸ்ட் ரெஜிஸ்ட்ரிக்கு அது கிடைத்தது. தொழில்நுட்ப வேலை அஃபிலியாஸ் என்ற நிறுவனத்துக்கு, அவர்கள் வைத்திருந்தது போஸ்ட்கிரெஸ். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அது தாங்குமா என்று அப்போது சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 2003 தொடக்கத்தில் மாற்றம் நடந்தது, தாங்கியது. அந்தக் காலத்து போஸ்ட்கிரெஸில் நகல் எடுக்கும் வசதி உள்ளேயே கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க அஃபிலியாஸில் இருந்த யான் வீக் எழுதிய ஸ்லோனி 2004-இல் வெளிவந்து, வெகுகாலம் பல துறைகளில் பயன்பட்டது. ஒரு ரெஜிஸ்ட்ரியின் தேவையிலிருந்து பிறந்து எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த கருவி என்பதால் அதன்மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை.

இன்று செக் நாட்டின் ரெஜிஸ்ட்ரி எழுதி வெளியிட்ட ஃப்ரெட் என்ற ரெஜிஸ்ட்ரி மென்பொருள் போஸ்ட்கிரெஸில் ஓடுகிறது. கூகுள் 2016-இல் வெளியிட்ட அதே மாதிரி மென்பொருளான நொமுலஸ் முதலில் டேட்டாஸ்டோர் என்ற, அட்டவணை முறை அல்லாத சேமிப்பில் கட்டப்பட்டது, பின்னால் போஸ்ட்கிரெஸுக்கே மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான் ஓர் அடையாளமாகப் பார்க்கிறேன், இது என் கருத்து மட்டுமே: டொமைன், நேம்சர்வர், தொடர்பு விவரம், ரெஜிஸ்ட்ரார், பணம் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் விஷயங்களுக்கு உறவுமுறை டேட்டாபேஸ்தான் இயல்பாகப் பொருந்துகிறது. ஆரக்கிளிலும் நன்றாக ஓடும். ஏற்கெனவே அதில் தேர்ந்த ஆட்கள் உங்களிடம் இருந்தால் மாற்றச் சொல்லமாட்டேன்.

பேக்கப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாதாரண பேக்கப் தவிர ரெஜிஸ்ட்ரிக்கு இன்னொரு கடமை இருக்கிறது. ஐகான் ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஞாயிறும் முழுத் தரவையும், மற்ற நாள்களில் அன்றன்றைய மாற்றங்களையும், ஒரு மூன்றாம் நபரிடம் ஒப்படைக்க வேண்டும். வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 8909-இலும் 9022-இலும் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி விழுந்தால், அவசரகால நடத்துநர் ஒருவர் இந்தத் தரவிலிருந்து அதை மறுபடி எழுப்புவார். 2017 டிசம்பரில் டாட் வெட் என்ற வகைக்கு முதல் முறையாக அப்படி நடந்தது. இந்த ஒப்படைப்பை எழுதும் நிரலைக் கடைசி வாரத்தில் அவசரமாக எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே ஸ்னாப்ஷாட்டில், அதாவது ஒரே நொடியின் நிலையில், படிக்க வேண்டும், இல்லாவிட்டால் டொமைன் ஒரு நேரத்துக்கும் அதன் நேம்சர்வர் இன்னொரு நேரத்துக்கும் உரியதாகிவிடும். எழுதிய கோப்பை வெற்று டேட்டாபேஸ் ஒன்றில் திரும்ப ஏற்றி, அதிலிருந்து ஸோன் தயாரித்து, ஓடும் ஸோனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒத்துப்போகிறவரை உங்களிடம் பேக்கப் இருப்பதாக எண்ண வேண்டாம்.

நீங்களே சிறியதாக ஒன்று கட்டிப் பார்க்க நினைப்பதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஃப்ரெட்டையோ நொமுலஸையோ நிறுவி முதலில் அதன் அட்டவணைகளைப் படியுங்கள், பிறகு சொந்தமாக எழுதுங்கள். முதல் சோதனையாக, ஒரே பெயருக்கு இருநூறு இணைப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் பதிவுக் கட்டளை அனுப்புங்கள். ஒரு 1000-மும் நூற்றுத்தொண்ணூற்றொன்பது 2302-களும் வர வேண்டும், பணம் ஒரே ஒரு முறை கழிந்திருக்க வேண்டும், ஸோனில் அந்தப் பெயர் ஒரே ஒரு முறை வந்திருக்க வேண்டும். அதில் ஏதாவது இடித்தால் அட்டவணை அமைப்போடு இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.